முள்ளுக்குள் நான்காவது கல்

காடு தன் நிலத்தைத் திருடுகிறது என்று ஒருவர் புகார் கொடுத்தால், கேட்கிறவருக்குச் சிரிப்பு வராமல் இருக்க வேண்டும். கொக்கிக்கு வரவில்லை. அந்த அம்மாளுக்கு எதற்கும் வராது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாலுதான் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கொக்கி என்பது ஊர் வைத்த பெயர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பாதி ஆயுள் வேலை பார்த்தவர். தீப்பிடித்தது என்று யார் வந்தாலும், எந்தப் பக்கமிருந்து பிடித்தது என்று ஒரு கொக்கி போடுவார். வந்தவர் அதில் மாட்டிக்கொண்டு தொங்குவார். வேலையை விட்டபிறகு சொந்தமாகத் துப்பறியும் நிலையம் திறந்தார். அங்கே உதவியாளனாகச் சேர்ந்தவன் வாலு. எங்கே போனாலும் பின்னால் போவதால் ஒரு பாதி, வாய் சும்மா இருக்காததால் மறுபாதி என்று அவனுக்கு அந்தப் பெயர் அமைந்துவிட்டது. வயது முப்பத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. அத்தை வீட்டு மாடியில் குடியிருந்தான்.

"ஒரு முப்பது அடி மேடம்," என்றார் தன் ஆபீஸ் மேஜைக்குப் பின்னால் இருந்த கட்டடக்காரர். "கடலோரமா நான் வாங்கின இடம். எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் காடு. போன வாரம் வரைக்கும் ஒழுங்காத்தான் இருந்துச்சு. இப்போ நாலு கல்லும் முப்பது அடி என் பக்கம் நகர்ந்து நிக்குது."

"கல்லுக்கும் கடல் பார்க்க ஆசை வந்திருக்கும்," என்றான் வாலு.

கட்டடக்காரர் அவனைப் பார்த்துவிட்டுக் கொக்கியைப் பார்த்தார். இவனைக் கணக்கில் சேர்க்க வேண்டுமா என்று அந்தப் பார்வை கேட்டது.  கொக்கி மேஜைமேல் இருந்த மாதிரிக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீலக் கண்ணாடி ஒட்டிய இருபது மாடி. கீழே ஒரு நீச்சல் குளம். அதற்குப் பின்னால் பிளாஸ்டிக் வேலி. வேலிக்கு அப்பால் பஞ்சில் செய்த மரங்கள். அந்தப் பஞ்சுக்குத்தான் இவ்வளவு சண்டை. நகரத்துக்கும் கடலுக்கும் நடுவே மிச்சமிருந்த ஒரே புதர்க்காடு அது. கட்டடம் வந்தால் காட்டின் கடலோர விளிம்பு போய்விடும், பிறகு உப்புக்காற்று உள்ளே புகுந்து மீதியையும் கருக்கிவிடும் என்று காட்டைக் காக்கும் கமிட்டி வழக்குப் போட்டிருந்தது. நாளை மறுநாள் விசாரணை.

"யார் மேல சந்தேகம்?" என்றார் கொக்கி.

"இதுல சந்தேகம் என்ன மேடம். கமிட்டிக்காரங்கதான். கல்லை நகர்த்தினவங்கன்னு தெரிஞ்சா, கோர்ட்ல அவங்க பேச்சு அப்புறம் எடுபடுமா? நீங்க ஒரு அறிக்கை குடுத்தா போதும். உங்க வார்த்தைக்குக் கோர்ட்ல மதிப்பு இருக்கு."

"உங்க ஆளுங்க போய்ப் பார்த்தாங்களா?"

"எப்படிப் போவாங்க? என் இடமாவே இருந்தாலும் மரம் நிக்கிற பக்கம் என் ஆளு ஒருத்தனும் கால் வைக்கக் கூடாதுன்னு கோர்ட் உத்தரவு. இதுவரைக்கும் ஒருத்தன் வெச்சதில்லை. எங்க கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்தோம், அவ்வளவுதான்."

கொக்கி எழுந்துகொண்டார். "பார்த்துட்டு வரோம்."

படியிறங்கும்போதுதான் வாலு வாயைத் திறந்தான். "மேடம், அந்தக் கமிட்டியில எங்க அத்தைதான் செயலாளர். மொத்தம் பதினோரு பேர். எல்லாரும் ரிட்டயர் ஆனவங்க. கூட்டம் ஆரம்பிச்சதும் முதல் அரைமணி நேரம் மாத்திரையைப் பத்திதான் பேசுவாங்க. இவங்க கல்லைத் தூக்கினாங்கன்னா, நான் அந்தக் கட்டடத்தைத் தூக்கறேன்."

"அது இன்னும் கட்டலை," என்றார் கொக்கி.

"அதனாலதான் சொல்றேன்."

காட்டின் விளிம்பில் வெயில் சுள்ளென்று அடித்தது. ஒரு பக்கம் கட்டடக்காரரின் கம்பி வேலி, வெறும் மணல், ஒரு தகரக் கொட்டகை. மறுபக்கம் புன்னை மரங்கள், தாழம்புதர், தரையெல்லாம் படர்ந்த கொடி. கடலிலிருந்து வந்த காற்றில் உப்பு கரித்தது. ஐந்து நிமிஷம் நடப்பதற்குள் வாலுவின் மூக்குக்கண்ணாடியில் மங்கலாக ஒரு படலம் படிந்துவிட்டது. கழற்றிச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டான். மறுபடியும் மங்கியது.

கல் ஒவ்வொன்றும் இடுப்பளவு உயரம். பழைய கருங்கல். நாலு பேர் சேர்ந்து தள்ளினால்தான் அசையும். அவை முன்பு நின்ற இடத்தில் புதுமணல் போட்டு மூடியிருந்தது தெளிவாகத் தெரிந்தது. வாலு டேப்பை இழுத்து அளந்தான்.

"நாற்பது அடி மேடம்."

"முப்பது இல்லையா?"

"டேப் பொய் சொல்லாது. நான் சொல்லுவேன், டேப் சொல்லாது."

மூன்று கற்கள் கண்ணுக்குத் தெரிந்தன. நான்காவது எங்கேயும் இல்லை. கொக்கி கம்பி வேலி ஓரமாக நடந்து பார்த்தார், ஒரு மணல்மேட்டில் ஏறிப் பார்த்தார். பிறகு தாழம்புதரைச் சுட்டினார்.

"உள்ள இருக்கணும்."

"யார் போறது?" என்று கேட்டு முடிப்பதற்குள்ளேயே வாலுவுக்குப் பதில் தெரிந்துவிட்டது.

தாழை இலையின் இரண்டு ஓரத்திலும் ரம்பம் மாதிரி முள் இருக்கும். நடுநரம்பிலும் இருக்கும். முழங்காலில் ஊர்ந்து போனவன் கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தான். சட்டையின் ஒரு கை அவனோடு வரவில்லை. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை ரூல்போட்ட காகிதம் மாதிரி வரிவரியாகக் கீறல்கள்.

"நாலாவது கல் நலமா இருக்கு. உங்களை விசாரிச்சுது."

"அங்க நின்னா வெளியில இருந்து தெரியுமா?"

"நானே கடைசி அடியில முட்டிக்கிட்டுத்தான் கண்டுபிடிச்சேன்."

கொக்கி தலையசைத்துவிட்டு இரண்டாவது கல்லுக்குப் போனார். அது ஒரு முதிர்ந்த புன்னையின் அடியில் நின்றிருந்தது. தடித்த வேர் ஒன்று கல்லின் மூன்று பக்கமும் சுற்றி வளைத்திருந்தது. கொக்கி குனிந்து, வேருக்கும் கல்லுக்கும் நடுவே நகத்தை நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. வேரின் மேல்பட்டை மட்டும் ஒரு இடத்தில் புதிதாக உரிந்து சிவந்திருந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மேடம், கல்யாணப் பொருத்தம் பார்க்கறீங்களா?"

அவர் நிமிராததால் வாலு மூன்றாவது கல்லுக்கு நடந்தான். அங்கே மணல்மேல் ஏதோ பளபளத்தது. குனிந்து எடுத்தான். மூக்குக்கண்ணாடி. படிக்கப் போட்டுக்கொள்கிற தினுசு. வலது பக்கக் காதுக்கம்பி உடைந்து, பச்சை நூலால் சுற்றிக் கட்டியிருந்தது.

அந்த நூலைச் சுற்றியவன் அவனேதான். அத்தையின் தையல் பெட்டியில் அன்றைக்கு வேறு நிறம் கிடைக்கவில்லை.

 அத்தை பிடிவாதக்காரி என்பது தெரியும். காட்டுக்காகத் தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கினவள், அதிகாரி அறை வாசலில் மூன்று நாள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தவள். ஆனால் கல்லை நகர்த்துவது என்றால் ஜெயில். யாரையாவது கூட்டிக்கொண்டு வந்து செய்திருப்பாளோ. கண்ணாடியைப் பைக்குள் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் கை போனது. போடவில்லை. கொண்டுவந்து கொக்கியிடம் நீட்டினான். 

கொக்கி கண்ணாடியைத் தூக்கி வெயிலில் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"அஞ்சு நிமிஷமா நீ ஒரு வார்த்தை பேசலை. யாருடையது?"

"அத்தையோடது."

"சரி. உன் கண்ணாடியைக் கழற்று."

கழற்றினான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார். வாலுவின் கண்ணாடி துடைத்து அரைமணி நேரம் ஆகவில்லை, அதற்குள் பால் ஊற்றின மாதிரி இருந்தது. அத்தையுடையது துலக்கிவைத்த மாதிரி.

"கல் நகர்ந்து ஒரு வாரம் ஆச்சுன்னு சொன்னார்," என்றார் கொக்கி. "இது ஒரு வாரம் கடற்காத்துல கிடந்த கண்ணாடியா?"

வாலு தன் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டான். யாரோ இப்போதுதான் கொண்டுவந்து போட்ட கண்ணாடி அது என்று அவனுக்குப் புரிந்தது.

அத்தை கூடத்தில் உட்கார்ந்து, கையை நீட்டி வைத்துக்கொண்டு செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி இல்லாததால் தாளுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு ஆள் உட்காரலாம்.

"சட்டைக் கை எங்கடா?"

"காட்டுக்கு நன்கொடை குடுத்துட்டேன் அத்தை."

"முதல்ல சோப்புப் போட்டுக் கையைக் கழுவு. தாழைக் கீறல் சீழ் வைக்கும்." பிறகு கொக்கியைப் பார்த்து, "உட்காருங்க. இவன் உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு குடுக்கறானா?" என்றாள்.

"பழகிடுச்சு," என்றார் கொக்கி. "உங்க கண்ணாடி எங்க அம்மா?"

"நாலு நாளாக் காணோம். வீடெல்லாம் புரட்டிட்டேன்."

"கடைசியா எதுக்குப் போட்டீங்க?"

அத்தை யோசித்தாள். "அந்தக் கட்டடக்காரன் சமாதானம் பேசலாம்னு ஆபீசுக்குக் கூப்பிட்டான். அங்க ஒரு பொம்மைக் கட்டடம் வெச்சிருக்கான், பார்த்தீங்களா? அதுல மரத்தை எல்லாம் பஞ்சுல பண்ணியிருந்தான். பக்கத்துல குனிஞ்சு பார்க்கறதுக்குக் கண்ணாடியைப் போட்டேன். அப்புறம் அவன்கிட்டக் கத்தறதுக்காகக் கழற்றி மேஜைமேல வெச்சேன்."

"கத்தறதுக்கு எதுக்குக் கழற்றணும் அத்தை?" என்றான் வாலு.

"போட்டுக்கிட்டுக் கத்தினா கீழ விழுதுடா. காதுதான் உடைஞ்சிருக்கே."

கொக்கி எழுந்துகொண்டார். வாலு கையைக் கழுவிக்கொண்டு பின்னால் போனான்.

கட்டடக்காரரின் மணல்வெளியில் இருந்த தகரக் கொட்டகைதான் காவலாளியின் அறை. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, கூரையில் தொங்கின ஒரு பெரிய இரும்புச் சங்கிலி. நடுவயது ஆள். முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். அந்த வெயிலில் முழுக்கைச் சட்டை போடுகிற மனிதன் ஒன்று மாப்பிள்ளையாக இருக்க வேண்டும், இல்லை எதையாவது மறைக்க வேண்டும்.

வாலு தன் கையை அவர் முன்னால் நீட்டினான். "அண்ணே, இதுக்கு என்ன மருந்து போட்டீங்க? எரியுது."

"தேங்காய் எண்ணெய்," என்றார் காவலாளி சட்டென்று. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது. கொக்கியைப் பார்த்தார். கொக்கி அடுப்பின்மேல் இருந்த சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவசரமே இல்லாதவர் மாதிரி.

கொஞ்ச நேரத்தில் காவலாளி தானாகவே கட்டிலில் உட்கார்ந்தார்.

"முதலாளி சொன்னார், செஞ்சோம். ஞாயித்துக்கிழமை மத்தியானம். சாப்பிட்டுட்டு ஊரே தூங்கற நேரம். நானும் மூணு பேரும். சங்கிலி போட்டு இழுத்தோம். இன்னைக்கு ஒரு கண்ணாடியைக் குடுத்தனுப்பி, நீங்க பார்க்காத நேரமாப் பார்த்துக் கல்லுப் பக்கத்துல போட்டுட்டு வரச் சொன்னார். நீங்க புதருக்கிட்ட நின்னப்பப் போட்டுட்டு வந்தேன். மாட்டிவிட்டுடாதீங்கம்மா."

"முப்பது அடி நகர்த்தச் சொன்னாரா?"

"ஆமா."

"நீங்க நாற்பது நகர்த்தியிருக்கீங்க."

காவலாளி கழுத்தைச் சொறிந்துகொண்டார். "அடி யாரும்மா அளந்தாங்க. முப்பது அடி தாண்டிக் கொஞ்ச தூரத்துல ஏற்கெனவே குழி இருந்துச்சு. நாலு கல்லுக்கும் நாலு குழி. உள்ள வெறும் இலைக்குப்பைதான். புதுசா எதுக்குத் தோண்டணும்னு குப்பையை வாரிப் போட்டுட்டு அதுலயே இறக்கிட்டோம். ஒண்ணு மட்டும் வேர்ல கொஞ்சம் உரசிட்டு இறங்குச்சு. மத்தபடி கச்சிதமா உட்கார்ந்துச்சு."

கொக்கி அசையாமல் நின்றார். அவரை ஆறு வருஷமாகப் பார்த்து வருகிறவன் வாலு. இந்த நிற்பு அவனுக்குத் தெரியும். இது வருகிறபோது குறுக்கே பேசக்கூடாது.

"உங்களை மாட்டிவிடறதா இல்லை," என்றார் கொக்கி காவலாளியிடம். "கோர்ட்ல கேட்டா இப்போ சொன்னதையே சொல்லுங்க. செய்யச் சொன்னவர்தான் பதில் சொல்லணும், செஞ்சவர் இல்லை. குழியைப் பத்தி மறக்காம சொல்லுங்க."

கட்டடக்காரர் அவர்களை வாசல்வரை வந்து வரவேற்றார். முகத்தில் நல்ல தெளிவு.

"நல்ல நேரத்துல வந்தீங்க மேடம். இன்னைக்குக் காலையில எங்க வக்கீல் ஒரு உத்தரவு வாங்கிட்டார். வழக்கு முடியறவரைக்கும் அந்தக் கல்லை யாரும் தொடக்கூடாது. கோர்ட் ஆளு வந்து, நிக்கிற இடத்துலயே அளந்து எழுதிக்கப் போறார். கமிட்டிக்காரங்க ராத்திரியோட ராத்திரியா பழைய இடத்துல வெச்சுட்டா நமக்கு ஆதாரம் போயிடும் பாருங்க."

"நல்ல யோசனை," என்றார் கொக்கி. "கல்லை நகர்த்தினது யாருன்னு தெரிஞ்சுது."

"சொல்லுங்க."

"நீங்க."

கட்டடக்காரர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார்.

"நாலு கல் நகர்ந்துச்சுன்னு சொன்னீங்க," என்றார் கொக்கி. "உங்க வேலியில இருந்து பார்த்தா மூணுதான் தெரியும். நாலாவது முள்ளுக்குள்ள இருக்கு. இவன் சட்டையைக் குடுத்துட்டுத்தான் அதைப் பார்த்தான். முப்பது அடின்னு சொன்னீங்க. அளந்தா நாற்பது. நீங்க போட்ட உத்தரவு உங்களுக்குத் தெரியும், நடந்தது தெரியாது. அந்தம்மாவோட கண்ணாடி உங்க மேஜையில இருந்துதான் காட்டுக்கு நடந்து போயிருக்கு. அதையும் துடைச்சு அனுப்பியிருக்கீங்க."

 கட்டடக்காரர் பயந்த மனிதர் இல்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"சரி. ஒரு அபராதம் போடுவாங்க. கட்டறேன். கல்லு பழைய இடத்துக்குத் திரும்பும். என் நிலம் என் நிலம்தானே?"

"அங்கதான் ஒரு சிக்கல்," என்றார் கொக்கி. "உங்க ஆளுங்க புதுக்குழி தோண்டலை. ஏற்கெனவே இருந்த குழியில வெச்சுட்டாங்க. ஒரு கல்லை ஒரு புன்னை வேர் மூணு பக்கமும் கட்டிப் பிடிச்சிருக்கு. நகம் நுழையாத அளவு. ஒரு வாரத்துல ஒரு வேர் அப்படி வளராது. அந்தக் கல் அங்க நிக்கும்போதே, வருஷக்கணக்கா அதைச் சுத்தி வளர்ந்த வேர் அது. பின்னால யாரோ கல்லைப் பிடுங்கிக் காட்டுக்குள்ள தள்ளி நட்டிருக்காங்க. வேர் மட்டும் கல்லோட அளவை வெச்சுக்கிட்டு இருந்திருக்கு."

வாலு கட்டடக்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அதில் முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாக நடந்தது.

"அப்படின்னா..."

"திருட்டுப் போன நாற்பது அடியை நீங்க காட்டுக்குத் திருப்பிக் குடுத்திருக்கீங்க," என்றார் கொக்கி. மாதிரிக் கட்டடத்தின் பின்னால் இருந்த பிளாஸ்டிக் வேலியைப் பிடுங்கி, நீச்சல் குளத்தைத் தாண்டி, இருபது மாடியின் நடுவயிற்றில் வைத்தார். அது நிற்கவில்லை. கண்ணாடிமேல் சாய்ந்து விழுந்தது.

"கல்லை உடனே நகர்த்தணும்," என்றார் கட்டடக்காரர். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"யாரும் தொடக்கூடாதுன்னு உத்தரவு இருக்கே," என்றான் வாலு. "யாரோ இன்னைக்குக் காலையிலதான் வாங்கியிருக்காங்க."

கட்டடக்காரர் அவனைப் பார்த்தார். இப்போது கணக்கில் சேர்த்துக்கொண்ட மாதிரி இருந்தது.

"நான் திருடலை மேடம். கல்லை நம்பித்தான் அளந்து வாங்கினேன். எங்க வரைபடத்துல இந்தக் கல்லுல இருந்து அந்தக் கல்லு வரைக்கும்னுதான் போட்டிருக்கு."

"நம்பறேன். கல்லை முதல்ல நகர்த்தினது உங்களுக்கு வித்தவரா இருக்கும். யார்கிட்ட வாங்கினீங்க?"

 கட்டடக்காரர் மேஜைமேல் கிடந்த பஞ்சு மரம் ஒன்றை எடுத்து விரலில் உருட்டினார்.

"என் மாமனார்கிட்ட."

இந்த மாதிரி இடத்தில் வாலுவுக்கு நாக்கில் பத்து வாக்கியம் வந்து வரிசையில் நிற்கும். அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் விழுங்கினான். கொக்கி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். அவர்கள் கதவை மூடும்போது உள்ளே போன் சுழற்றுகிற சத்தமும், "மாமா, சாப்பிட்டீங்களா?" என்று மிகவும் மரியாதையான ஒரு குரலும் கேட்டன.

விசாரணையில் காவலாளி குழியைப் பற்றி மறக்காமல் சொன்னார். கோர்ட் அனுப்பிய அளவையாளர் வேரை நாலு பக்கமும் படம் பிடித்துக் கொடுத்தார். கல் நிற்கிற இடமே எல்லை என்று முடிவானது. கடலோரப் புன்னை வரிசை முழுவதும் காட்டுக்குள் வந்தது. மிஞ்சின நிலத்தில் சட்டப்படி ஒரு மாடிக்குமேல் எழுப்ப முடியாது என்று தெரிந்து, கட்டடக்காரர் கட்டட அனுமதி மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கல்லை நகர்த்தியதற்கு அவர்மேல் தனியாக ஒரு வழக்கு. அவர் மாமனார்மேல் அவரே போட்டது இன்னொரு வழக்கு.

தீர்ப்பு வந்த அன்று சாயங்காலம் அத்தையைக் கோர்ட்டிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்தான் வாலு. மூட்டுவலிக்காரி, மெதுவாகத்தான் நடப்பாள். தெருமுனையில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"இத்தனை வருஷம் நாங்க கோஷம் போட்டு ஒரு அடி நகர்த்தலை. அவன் ஒரு மத்தியானத்துல நாற்பது அடி நகர்த்திட்டான். கமிட்டியில அவனுக்கு ஒரு பொறுப்புக் குடுக்கலாம்."

"அத்தை, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"உன் கண்ணாடியை அங்க பார்த்தப்ப, ஒரு அஞ்சு நிமிஷம் உன்னைத்தான் சந்தேகப்பட்டேன். நீதான் கல்லை நகர்த்தியிருப்பேன்னு."

அத்தை அவன் பக்கம் திரும்பினாள். வாலு திட்டுக்குத் தயாரானான்.

"அந்தக் கல்லு என்ன கனம் இருக்கும்?"

"நாலு பேர் தூக்கற கனம்."

"அதை நான் தூக்கினேன்னு நினைச்சே?"

"நினைச்சேன்."

"நிஜமாவே நினைச்சியாடா?"

"சத்தியமா அத்தை."

அவள் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு ஒதுங்கியது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். வீட்டு வாசலில் வழக்கம்போல அவளைப் படியேற்ற வாலு கையை நீட்டினான். அத்தை அதைப் பார்க்காத மாதிரி தாண்டிக்கொண்டு, மூன்று படியையும் தானே ஏறிப் போனாள்.